திரைப்படத்திற் சேய்மைக் காட்சி

கம்பநாடன் இராமகாதையைத் தொடங்கும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கதைத் தலைவன் பிறப்பதற்கு முன்னர், அவன் தந்தையைப் பற்றி ஒரு சொல் கூறுவதற்கும் முன்னர், புலவன் வானத்தைக் காட்டுகின்றான். கடலுக்குச் சென்று நீர் பருகி மீளும் மேகமும், அம்மேகம் மலையிற் பொழியும் மழையும், அம்மழையாற் பெருகி ஓடும் சரயு வெள்ளமும் ஆற்றுப்படலத்தில் வருகின்றன. அடுத்து நாட்டுப்படலம், அதனை அடுத்து நகரப்படலம். இவை மூன்றும் முடிந்த பின்னரே அரசன் தயரதன் வருகின்றான். வானிலிருந்து மலைக்கும், மலையிலிருந்து நாட்டுக்கும், நாட்டிலிருந்து நகருக்கும், நகரிலிருந்து ஒரு மனிதனுக்கும் புலவனின் பார்வை படிப்படியாக இறங்குகின்றது. தொல்காப்பியரும் நிலத்தையும் பொழுதையுமே முதற்பொருள் என்றார். மனிதனின் ஒழுக்கமாகிய உரிப்பொருளை அந்நிலத்திலும் பொழுதிலும் வைத்தே பழந்தமிழ்ப் புலவர் பாடினர்.

திரைப்படக் கலைஞர் கம்பனைக் கற்று இம்முறையை அறிந்தனர் என்று கூறுவார் எவருமிலர். எனினும், ஒரு கதையைச் சொல்லப் புகுவோர் எவராயினும் அவர் முன் ஒரே கேள்விதான் நிற்கின்றது. மனிதனை முதலிற் காட்டுவதா, அவன் நிற்கும் இடத்தை முதலிற் காட்டுவதா என்பதே அக்கேள்வி. வானொலி நாடகம் எழுதுவோனும் அதற்கு விடை காண வேண்டியவனாகின்றான். கடலிரைச்சலையும் ஒரு தோணிக்காரனின் கூவலையும் அவன் முதலிற் கேட்பிக்கின்றான். அதன்பின்னரே பாத்திரங்கள் பேசத் தொடங்குகின்றன. கேட்பவர் அதற்குள் மனத்திலே ஒரு கடற்கரையை அமைத்துக்கொள்கின்றனர். வானொலியில் ஓசை செய்யும் இப்பணியைத் திரைப்படத்தில் தொலைவிலிருந்து எடுக்கப்படும் காட்சி செய்கின்றது.

அக்காட்சிக்கு ஆங்கிலத்தில் 'லோங் ஷொட்' என்று பெயர். தமிழிற் சேய்மைக் காட்சி எனலாம். மனிதனின் முழு உருவமும், அவனைச் சூழ்ந்த இடமும் ஒருங்கே தெரியும் காட்சி அது. முகம் மட்டும் திரையை நிறைப்பது அண்மைக் காட்சி. இடுப்பளவிற் காட்டுவது இடைநிலைக் காட்சி. ஒரு கதையின் தொடக்கத்திலோ ஒரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலோ வந்து, 'இஃது இன்ன இடம், இன்ன பொழுது, இன்னார் இன்னாருக்கு இவ்வளவு தொலைவில் இருக்கின்றனர்' என உணர்த்துவதனை 'எஸ்டாபிளிஷிங் ஷொட்' என்பர். அதனை இடங்காட்டும் காட்சி என்று வழங்குவோமாக. இடங்காட்டும் காட்சி பெரும்பாலும் சேய்மைக் காட்சியாகவே அமையும். ஆனால், சேய்மைக் காட்சி எல்லாம் இடங்காட்டும் காட்சி ஆவதில்லை. கதையின் நடுவிலும் முடிவிலும் வரும் சேய்மைக் காட்சிகளுக்கு வேறு பணிகள் உண்டு.

திரைப்படம் பிறந்தபோது பெரும்பாலும் சேய்மைக் காட்சியே இருந்தது. 1895ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரத்து உணவுச்சாலை ஒன்றிலே லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுக் காட்டிய குறும்படங்களுள் ஒன்று, அவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறுவதைக் காட்டுவது. கமரா வாயிலுக்கு எதிரே அசையாது நின்றது. பெண்களும் ஆண்களும் கூட்டமாக வெளிவந்து இருபுறமும் பிரிந்து சென்றனர். யாரைப் பார்க்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. பார்ப்போர் தாம் விரும்பியவரைப் பார்த்தனர். பின்னர் கதைப்படங்கள் தோன்றியபோதும், நாடக மேடையை முன்வரிசையில் அமர்ந்து பார்ப்பவர் காண்பதுபோல, முழு உருவமும் முழு அறையும் தெரியும்படியே பல படங்கள் எடுக்கப்பட்டன.

அமெரிக்கரான டி. டபிள்யூ. கிறிபித்தும் அவர்காலத்தவரும் கமராவை நடிகரின் அருகே கொண்டு சென்றதன் பின்னர் நிலைமை மாறிற்று. அருகே செல்லும் வழி தெரிந்துவிட்டமையால், தொலைவில் நிற்பது வேண்டுமென்றே செய்யும் தெரிவாயிற்று. 1916ஆம் ஆண்டு வெளிவந்த 'இன்ரொலரன்ஸ்' என்னும் படத்திலே கிறிபித் பண்டைய பாபிலோன் நகரத்துப் பெருமண்டபத்தைக் கட்டி எழுப்பினார். தண்டவாளத்தின் மேல் நகரும் உயர்ந்த கோபுரம் ஒன்றில் கமராவை ஏற்றி, மாபெரும் படிக்கட்டுகளையும் யானைச் சிலைகளையும் முதலிற் காட்டி, மெல்ல மெல்ல மனிதரை நோக்கி இறங்கிவரச் செய்தார். நகரிலிருந்து மனிதனுக்கு இறங்கும் அப்பார்வையைக் காண்பவர்க்குக் கம்பனின் படல வரிசை நினைவுக்கு வருதல் இயல்பே.

சேய்மைக் காட்சியின் முதற் பணி இடத்தை நிலைநிறுத்துவது. இருவர் ஓர் அறையிலே உரையாடுகின்றனர் என்று கொள்வோம். ஒருவர் முகத்தையும் மற்றவர் முகத்தையும் மாறி மாறிக் காட்டினாற் சிறிது நேரத்தில் யார் எங்கே இருக்கின்றார், கதவு எப்பக்கம் உள்ளது என்பன பார்ப்போருக்குக் குழம்பிவிடும். ஆகவே முதலில் அறை முழுவதையும் காட்டி, பின்னர் அருகே செல்வது வழக்கமாயிற்று. மூன்றாமவர் ஒருவர் அறைக்குள் வந்தால் மீண்டும் ஒருமுறை தொலைவுக்குச் சென்று, மாறிய இடங்களை உணர்த்த வேண்டும். இத்தகைய காட்சிகளை அண்மைக் காட்சியிலும் நீண்ட நேரம் திரையில் நிறுத்துவர். முகம் ஒன்றைக் கண் உடனே அறிந்துகொள்ளும். பரந்த இடத்திலோ கண் தேடி அலைய வேண்டும். அத்தேடலுக்குக் காலம் கொடாத நெறியாளர், காட்டியும் காட்டாதவர் ஆகின்றார்.

இந்த எளிய பணியையே பெருங்கலைஞர் எவ்வளவு நுட்பமாகச் செய்தனர் என்பதற்கு அல்பிரட் ஹிச்கொக் 1960இல் வெளியிட்ட 'சைக்கோ' சான்றாகும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரம் வானளாவிய நோக்கில் தெரிகின்றது. நகரின் பெயரும், டிசெம்பர் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2 மணி 43 நிமிடம் என்னும் பொழுதும் திரையில் எழுத்துகளாக வருகின்றன. கமரா அந்நகரத்துக் கட்டடங்களின் மேலாக நகர்ந்து, எண்ணற்ற சன்னல்களுள் ஒன்றைத் தெரிந்து, முழுவதும் மூடப்படாத அதன் மறைப்பின் கீழாக உள்ளே நுழைகின்றது. அங்கே ஓர் ஆணும் பெண்ணும் மறைவாகச் சந்தித்திருக்கின்றனர். இடமும் பொழுதும் இவ்வளவு துல்லியமாகக் கூறப்பட்டமையால் நிகழ்ச்சி மெய்யெனத் தோன்றுகின்றது. அதே வேளையில், இத்தனை சன்னல்களுள் எதனுட் புகுந்திருந்தாலும் ஒரு கதை கிடைத்திருக்கும் என்னும் எண்ணமும், பிறர் வீட்டை எட்டிப் பார்க்கின்றோம் என்னும் கூச்சமும் பார்ப்போர் மனத்தில் எழுகின்றன.

சேய்மைக் காட்சியின் இரண்டாவது பணி மனிதனை அளப்பது. அண்மைக் காட்சியிலே மனிதனின் துயரமே உலகமாகிவிடும். சேய்மைக் காட்சியிலோ உலகத்தின் நடுவே அத்துயரம் எவ்வளவு பெரிது அல்லது எவ்வளவு சிறிது என்பது தெரியவரும். சார்ளி சப்ளின் 1928இல் வெளியிட்ட 'த சேர்க்கஸ்' என்னும் படத்தின் முடிவைக் கண்டோர் அதனை மறப்பதரிது. தான் விரும்பிய பெண்ணை வேறொருவனுக்கு மணம் முடித்து வைத்த நாடோடி, சேர்க்கஸ் வண்டிகள் புறப்படுவதைப் பார்த்து நிற்கின்றான். வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சென்று மறைகின்றன. கூடாரம் இருந்த இடத்தில் நிலத்திலே ஒரு வட்டத் தடம் மட்டும் எஞ்சியிருக்கின்றது. அவ்வட்டத்தின் நடுவே அவன் தனித்து அமர்ந்திருக்கின்றான். பின்னர் எழுந்து, முதுகைக் காட்டி நடந்து தொலைவிற் செல்கின்றான். அவன் கண்ணீர் விட்டானா என்பதை அக்காட்சியில் எவரும் காண முடியாது. காண வேண்டிய தேவையும் இல்லை. வெறுமையான அந்த வட்டமும் அதன் நடுவே அச்சிறிய உருவமும் போதுமானவை. அதே சப்ளின் 1931இல் வெளியிட்ட 'சிற்றி லைற்ஸ்' படத்தை நாடோடியின் முகத்தை அருகிற் காட்டி முடித்தார். அங்கே பார்வை பெற்ற பெண் ஒருத்தி தனக்கு உதவியவனை அடையாளம் காண்கின்றாள். ஆகவே முகமே வேண்டியிருந்தது. பிரிவுக்குத் தொலைவும் அறிதலுக்கு அண்மையும் பொருந்தும் என அக்கலைஞர் உணர்ந்திருந்தார்.

ஜோன் போர்ட் 1956இல் நெறிப்படுத்திய 'த சேர்ச்சர்ஸ்' என்னும் படம் இருளில் ஒரு கதவு திறப்பதுடன் தொடங்குகின்றது. திறந்த வாயிலுக்கு அப்பால் வெயில் எரிக்கும் செந்நிலமும், வானை முட்டி நிற்கும் பாறைக் குன்றுகளும் தெரிகின்றன. வீட்டுப் பெண் வெளியே வந்து, தொலைவிலே குதிரையில் வரும் ஒருவனைக் கையாற் கண்ணை மறைத்து நோக்குகின்றாள். ஆண்டுகள் பல அலைந்து, கவர்ந்து செல்லப்பட்ட சிறுபெண்ணை அவன் மீட்டு வந்த பின்னர், முடிவில் மீண்டும் அவ்வாறே ஒரு வாயில் காட்டப்படுகின்றது. மற்றவர் எல்லாரும் வீட்டினுட் செல்கின்றனர். அவன் மட்டும் வெளியே நின்று, திரும்பி வெளிநிலத்தை நோக்கி நடக்கின்றான்; கதவு மூடுகின்றது. வீட்டுக்குள் வாழத் தகுதியற்றவனாக வெறுப்பு அவனை ஆக்கிவிட்டது என்பதை அக்காட்சி ஒரு சொல்லும் பேசாது உணர்த்திவிடுகின்றது.

தொலைவு அச்சத்தையும் வளர்க்கும். டேவிட் லீன் 1962இல் வெளியிட்ட 'லோரன்ஸ் ஒவ் அரேபியா' என்னும் படத்தில், பாலைவனக் கிணறு ஒன்றின் அருகே லோரன்சும் அவனுடைய வழிகாட்டியும் நிற்கின்றனர். அடிவானத்தில், கானல் நீரின் நடுவே, ஒரு கரும்புள்ளி தோன்றுகின்றது. அது புழுதியா, விலங்கா, மனிதனா என்பது தெரியவில்லை. புள்ளி அசைகின்றது, மெல்ல மெல்ல ஒட்டகத்தின் மேல் வரும் மனிதனாகின்றது. படப்பிடிப்பாளர் பிறெடி யங் இதற்கெனத் தருவித்த நெடுங்குவிய வில்லை, தொலைவிலுள்ள உருவத்தையும் அதன் கீழ் அலையும் கானலையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. இசை இல்லை. பார்ப்போர் காத்திருக்கின்றனர். திடீரென ஒரு வெடி கேட்கின்றது. வழிகாட்டி இறந்து வீழ்கின்றான். பிற குலத்தவரின் கிணற்றில் நீர் அருந்தியதே அவன் குற்றம். அருகே வந்தபின் முகம் தெரியும் மனிதன், தொலைவிலேயே ஓர் உயிரைப் பறித்துவிட்டான். அப்பாலையில் நீரின் பெறுமதியும் உயிரின் பெறுமதியும் எத்தகையன என்பதைப் பார்ப்போர் இதனால் அறிகின்றனர்.

மூன்றாவது பணி எண்ணிக்கையை உணர்த்துவது. 1939இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்' அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கதை. அதன் தலைவி, பிள்ளை பெறும் நிலையிலிருக்கும் உறவினளுக்கு உதவி வேண்டி, மருத்துவரைத் தேடி அட்லாண்டா நகரப் புகையிரத நிலையத்துக்கு வருகின்றாள். முதலில் அவளும் அருகிற் கிடக்கும் சிலருமே தெரிகின்றனர். கமரா பின்வாங்கி உயர உயர, காயமுற்ற போர்வீரர் நூற்றுக்கணக்கில் வெறுநிலத்திற் கிடப்பது தெரிகின்றது. கட்டட வேலைக்குரிய பாரந்தூக்கி ஒன்றில் கமராவை ஏற்றி அக்காட்சியை எடுத்தனர். கிடந்த உருவங்களுட் பல பொம்மைகள். காட்சியின் இறுதியிற் கந்தலான ஒரு கொடி திரையின் ஓரத்தே வந்து பறக்கின்றது. இங்கே இடங்காட்டும் காட்சி முதலில் வராமல் இறுதியில் வந்தமையே சிறப்பு. தன் கவலையே பெரிதென வந்தவளுக்கும், அவளோடு வந்த பார்ப்போருக்கும், போர் என்பது யாது என்பது ஒரே மூச்சில் விளங்கிவிடுகின்றது.

முகத்தை எந்த அரங்கிலும் படம் பிடித்துவிடலாம். நிலத்தை அந்நிலத்திற் சென்றே பிடிக்க வேண்டும். சத்யஜித் ராய் 1955இல் வெளியிட்ட 'பதேர் பாஞ்சாலி' என்னும் வங்காளப் படத்தில், துர்க்கா என்னும் சிறுமியும் அவள் தம்பி அப்புவும் வெண்மையான நாணற்பூக்கள் நிறைந்த வெளியினூடே சென்று புகைவண்டியைக் காண்கின்றனர். வெண்ணிறப் பரப்பின் விளிம்பிலே கரும்புகையைக் கக்கியவாறு வண்டி ஊர்ந்து செல்கின்றது. வறிய ஊரிற் பிறந்த குழந்தைகளுக்கு அதுவே பெரிய உலகத்தின் முதற் காட்சி. 1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவ்வெளியில் ஒரு நாட் படப்பிடிப்பு நடைபெற்றது. எஞ்சியதை எடுக்க மறுவாரம் சென்றபோது, பூக்கள் அனைத்தையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. கையிற் பணமோ குறைவு; எனினும் ராய் வேறோர் இடத்தைக் கொண்டு சமாளிக்கவில்லை. நாணல் மறுபடியும் பூக்கும் பருவம் வரைக் காத்திருந்து அக்காட்சியை முடித்தார். இடத்துக்கும் பருவத்துக்கும் ஒரு கலைஞன் காட்டிய மரியாதை அது.

இலங்கையிலும் அதே ஆண்டுகளில் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. 1947இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படம் தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையத்திலே தயாரானது. அதன்பின் வந்த படங்கள் பலவும் அரங்குகளுக்குள்ளே, தீட்டிய திரைகளின் முன்னே எடுக்கப்பட்டன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தமது 'ரேகாவ' படத்துக்காகக் கமராவை இலங்கைக் கிராமத்தின் வெயிலுக்குக் கொண்டு சென்றார். வயலும் வரப்பும் மரநிழலும் தம் உண்மை உருவில் திரைக்கு வந்தன. மறு ஆண்டு அப்படம் பிரான்சின் கான் திரைப்பட விழாவிற் போட்டிக்குச் சென்றது. உள்நாட்டிற் பெருவருவாய் ஈட்டாவிடினும், இந்நாட்டுத் திரைப்படத்துக்கு நிலத்தைத் தந்த படம் அதுவே எனப் பின்வந்தோர் மதித்தனர்.

அதே காலத்தில் இலங்கையின் மற்றொரு நிலமும் உலகத் திரைகளிலே தோன்றிற்று. அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் வீதியிற் பயணஞ் செய்வோர் கித்துல்கல என்னும் ஊரை அறிவர். அங்கே களனி கங்கையின் குறுக்கே பெரியதொரு மரப்பாலத்தைக் கட்டி, டேவிட் லீன் 'த பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' என்னும் படத்தை எடுத்தார். 1957இல் அப்பாலம் படத்துக்காகவே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டின் சிறந்த படத்துக்குரியது உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளை அப்படம் பெற்றது.

அதன் தொடக்கத்திலே பருந்து ஒன்று வானில் வட்டமிடுகின்றது. கீழே எல்லையற்ற காடு. பின்னர் காட்டினூடே செல்லும் புகையிரதப் பாதையும், பாதையோரத்திற் கல்லறைச் சிலுவைகளும் தெரிகின்றன. யப்பானியர் சிறைப்பிடித்த பிரித்தானியப் போர்வீரரைக் கொண்டு பாலம் கட்டும் கதை தொடங்குகின்றது. சிறைப்பட்டவர்களின் தலைவரான கேணல், தம் படையினரின் ஒழுங்கைக் காக்க விரும்பி, எதிரிக்கே மிகச் சிறந்த பாலத்தைக் கட்டிக் கொடுக்கின்றார். முடிவிற் பாலம் தகர்கின்றது. புகைவண்டி ஆற்றில் வீழ்கின்றது. கட்டியவரும் தகர்க்க வந்தவரும் மடிகின்றனர். கமரா உயர்ந்து உயர்ந்து செல்கின்றது. மானமும் வீரமும் பிடிவாதமுமாகப் பெரிதாகத் தோன்றியவை எல்லாம் ஆற்றோரத்துச் சிதைவுகளாகச் சிறுத்துப் போகின்றன. வானிலே மீண்டும் அப்பருந்து வட்டமிடுகின்றது. போர் பற்றிய தீர்ப்பை அந்த உயரமே கூறிவிடுகின்றது.

ஆயினும் இங்கே ஒன்றை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். இடங்காட்டும் காட்சி 'இதுவே அந்த இடம்' என்று ஓர் உறுதிமொழி தருகின்றது. அவ்வுறுதிமொழி எப்போதும் மெய்யன்று. களனி கங்கை சயாம் நாட்டு நதியாயிற்று. ஜோன் போர்ட் தெக்சாஸ் எனக் காட்டிய செந்நிலம், மெய்யாக அரிசோனாவும் யூட்டாவும் சந்திக்கும் எல்லையில் நவஹோ மக்கள் வாழும் பள்ளத்தாக்கு. இவை கலைக்குரிய உரிமைகள். இவற்றை எவரும் குற்றமெனக் கொள்ளார். வேறொரு வகைக் குறை உண்டு. அதுவே பெரிது. பரந்த காட்சி எல்லாவற்றையும் காட்டுவதுபோலத் தோன்றும். ஆகவே அதில் இல்லாதவர் உலகத்திலேயே இல்லாதவர்போல ஆகிவிடுவர்.

சயாமையும் பர்மாவையும் இணைத்த மெய்யான புகையிரதப் பாதை ஏறக்குறைய 415 கிலோமீற்றர் நீளமானது. 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் அதனை யப்பானியர் முடித்தனர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேற்பட்டோர் அதில் வேலை செய்தனர். அவர்களுள் ஏறக்குறைய 12,000 பேர் இறந்தனர். ஆனால் கைதிகளிலும் பன்மடங்கு தொகையினரான ஆசியத் தொழிலாளர் அங்கே வருந்தினர். அவர்கள் 1,80,000 பேருக்குக் குறையார் என்றும், இறந்தோர் ஏறக்குறைய 90,000 பேர் என்றும் மதிப்பிடுவர். பர்மியர், மலாயர், யாவா நாட்டவர் முதலியோருடன், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பெருந்தொகையினராக அக்காட்டிலே வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டனர். கைதிகளிற் பலருக்கேனும் சிலுவையும் பெயரும் கிடைத்தன. இவர்களுட் பெரும்பாலோருக்கு அவையும் கிடைக்கவில்லை.

குவாய்ப் படத்தின் பரந்த காட்சிகளிலே இம்மக்களுக்குக் குறிப்பிடத்தக்க இடம் இல்லை. பருந்தின் உயரத்திலிருந்து பார்த்தும் அவர்கள் தெரியவில்லை. அப்படம் சிறந்த படம் என்பதை இஃது இல்லையெனச் செய்யாது. ஒரு சிலரின் மானத்தைப் பற்றிய கதையை அது நேர்மையாகவே கூறுகின்றது. எனினும், அதனைக் காணும் தமிழர் ஒருவர், பாதையோரத்துச் சிலுவைகளைத் திரையிற் பார்க்கும்போது, சிலுவையும் இன்றிப் புதைந்தவர்களையும் நினைத்தல் வேண்டும். அட்லாண்டா நிலையத்துக் காட்சியைப் பார்ப்போரும், அக்கந்தற் கொடி எவருடைய அடிமைத்தனத்தைக் காக்கப் பறந்தது என எண்ணுதல் தகும். கமரா எவ்வளவு தொலைவிற் சென்று நின்றாலும் திரைக்கு நான்கு ஓரங்கள் உண்டு. அவ்வோரங்களை வகுத்தவன் ஒரு மனிதன்.

ஓரத்தைப் பற்றிய இப்பேச்சு வெறும் உவமையன்று. 1953இல் 'த றோப்' என்னும் படத்துடன் சினிமாஸ்கோப் என்னும் அகன்ற திரை வந்தது. உயரத்திலும் இரு மடங்குக்கு மேற்பட்ட அகலமுடைய அத்திரை சேய்மைக் காட்சிக்கு மிகவும் பொருந்திற்று. பின்னர் அப்படங்களைத் தொலைக்காட்சியிற் காட்டியபோது, ஏறக்குறையச் சதுரமான பெட்டிக்குள் அகன்ற படம் அடங்கவில்லை. ஆகவே இரு ஓரங்களையும் வெட்டி எறிந்தனர். ஒரு முனையில் ஒருவரும் மறுமுனையில் மற்றவருமாக நின்று பேசும் காட்சியில், ஒருவர் காற்றோடு பேசுபவராயினார். நெறியாளர் எண்ணி வைத்த தொலைவு அழிந்தது. பிற்காலத்திலே தொலைக்காட்சிப் பெட்டிகள் அகன்றமையால் இக்குறை பெரிதும் நீங்கிற்று. ஆனால் இன்று பலர் கைத்தொலைபேசியிற் படம் பார்க்கின்றனர். நிமிர்ந்து நிற்கும் அச்சிறு செவ்வகம் முகத்துக்கு ஏற்றது, அடிவானத்துக்கு ஏற்றதன்று. லீன் காட்டிய கரும்புள்ளி அதிலே கண்ணுக்குத் தெரிவதே அரிது. காட்சி விளங்காதபோது விரலால் தள்ளி அடுத்ததற்குச் செல்வதும் எளிது.

இதனால் இழப்பது படத்தின் அழகு மட்டுமன்று. முகங்களையே பார்த்துப் பழகிய கண், அழுபவர் எல்லாரையும் நல்லவர் என்றும், சினந்தவர் எல்லாரையும் தீயவர் என்றும் விரைந்து முடிவு செய்துவிடும். அவர் எங்கே நிற்கின்றார், அவர் அருகில் யார் நிற்கின்றார், அவருக்கு முன்னே எத்தகைய நிலம் கிடக்கின்றது என்பவற்றைச் சேய்மைக் காட்சியே அக்கண்ணுக்குக் கற்பிக்கின்றது. அக்கல்விக்குப் பொறுமை வேண்டும். வகுப்பறையிலே ஒரு பிள்ளை பிந்தி வந்தால், அவன் முகத்தை மட்டும் பார்ப்பவர் அவனைச் சோம்பேறி என்பர். அவன் நடந்து வந்த வழியையும், கடந்து வந்த ஆற்றையும் சேர்த்துப் பார்ப்பவர் வேறு சொல் சொல்லுவர்.

ஆகவே, நேயர்களே, அடுத்த முறை ஒரு படம் தொடங்கும்போது, கதை இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணி அருகிலிருப்பவரோடு பேசிக்கொண்டிராதீர்கள். மலையோ, கடலோ, தெருவோ திரையில் தோன்றும் அச்சில நொடிகளிற் கதை தொடங்கிவிட்டது. இந்த இடத்தில் எவர் பெரியவராகத் தெரிகின்றார், எவர் சிறியவராகத் தெரிகின்றார் என நோக்குங்கள். எவர் தொலைவில் விடப்பட்டார், பின்னர் எவரிடம் கமரா நெருங்கிற்று என நோக்குங்கள். படம் முடிந்து வீடு திரும்பும் வழியில், அக்காட்சிகளில் வராமற் போனவர் யாவர் என்றும் ஒருமுறை சிந்தியுங்கள்.

கித்துல்கலவிற் கட்டிய பாலத்தின் அடித்தளத் தடங்கள் சில இன்றும் களனி கங்கைக் கரையிற் காணப்படுகின்றன. அவற்றைப் பார்க்கச் செல்வோர் ஆற்றின் மறுகரையையும் சிறிது நேரம் பார்த்து நிற்பாராயின், சேய்மைக் காட்சி என்பது யாது என்பதை எந்தச் சொற்பொழிவினும் தெளிவாக அந்நதியே அவர்களுக்குக் கூறும்.